வழி தெரியாது என்கிற பெண்களுக்கு: ஊரை மனதில் ஏற்றிக்கொள்வது எப்படி?

மதுரையில் பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் தொழில். பேலன்ஸ், பிரேக், சிக்னல், பின்னால் வரும் பஸ்ஸுக்கு ஒதுங்குவது எல்லாம் பழகிவிடுகிறார்கள். லைசென்ஸும் கைக்கு வந்துவிடுகிறது. அதற்கப்புறமும் பலருடைய வண்டி வாசலிலேயே தூசி படிந்து நிற்கும். ஏன் எடுப்பதில்லை என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்: "வண்டி ஓட்டிருவேன்க்கா, வழிதான் தெரியாது." கூட வந்திருக்கும் வீட்டுக்காரர் உடனே, "பொம்பளைங்களுக்கு அந்த மூளை கிடையாதுங்க மேடம், சயின்ஸே சொல்லுது" என்பார். அந்தப் பெண்ணும் தலையை ஆட்டுவார். அந்தத் தலையாட்டல்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

கல்லூரியில் உளவியல் படித்தவள் என்பதால் இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படித்திருக்கிறேன். அவர் சொல்வதில் கொஞ்சம் உண்மை உண்டு. அந்தக் கொஞ்சத்தை வைத்து அவர் வந்து சேரும் முடிவு தவறு. ஆராய்ச்சியைப் பற்றி முதலில் எழுதுகிறேன். பயிற்சி மட்டும் போதும் என்பவர்கள் நேரே அடுத்த பகுதிக்குப் போகலாம்.

ஆராய்ச்சி சொல்வது

1971இல் ரோஜர் ஷெப்பர்ட், ஜாக்லின் மெட்ஸ்லர் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். சிறு சிறு கனசதுரங்களை ஒட்டிச் செய்த உருவத்தின் இரண்டு படங்கள். ஒன்றை மனதுக்குள்ளேயே திருப்பிப் பார்த்து, இரண்டும் ஒரே உருவம்தானா என்று சொல்ல வேண்டும். இதையொட்டிப் பின்னால் வந்த தேர்வுகளில் ஆண்களின் சராசரி பெண்களின் சராசரியைவிடத் தெளிவாகவே கூடுதலாக இருக்கிறது. 'சயின்ஸே சொல்லுது' என்பவர்கள் எங்கேயோ கேள்விப்பட்டது பெரும்பாலும் இதைத்தான். ஆனால் காகிதத்தில் கட்டையைத் திருப்புவது வேறு, கோரிப்பாளையத்திலிருந்து தெற்குவாசலுக்கு வழி பிடிப்பது வேறு.

வழி கண்டுபிடிப்பதையே நேரடியாகச் சோதித்த ஆய்வுகளை 2019இல் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். அங்கேயும் ஆண்களின் சராசரிதான் கூடுதல், ஆனால் வித்தியாசம் சிறிதுக்கும் நடுத்தரத்துக்கும் இடையில். புரியும்படி சொன்னால், கண்ணை மூடிக்கொண்டு ஒரு ஆணையும் ஒரு பெண்ணையும் தேர்ந்தெடுத்துப் போட்டி வைத்தால், 100 போட்டியில் ஏறக்குறைய 60இல் ஆணும் 40இல் பெண்ணும் ஜெயிப்பார்கள். இதை வைத்து உங்கள் வீட்டில் யாருக்கு வழி தெரியும் என்று யாராலும் சொல்ல முடியாது.

பெண்களின் சராசரி கூடுதலாக இருக்கும் சோதனையும் உண்டு. 1992இல் சில்வர்மேனும் ஈல்ஸும் பல பொருட்கள் நிறைந்த படத்தைக் காட்டிவிட்டு, எது எங்கே இருந்தது, எது இடம் மாறியிருக்கிறது என்று கேட்டார்கள். பெண்கள் நன்றாகச் செய்தார்கள். பிறகு வந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் இந்தச் சிறிய முன்னிலை நிலைத்தது. 1994இல் கேரல் லாட்டன் வெளியிட்ட ஆய்வு இன்னொன்றைக் காட்டியது. பெண்கள் 'இந்த இடத்தில் வலப்பக்கம், அங்கே இடப்பக்கம்' என்று பாதையாக வைத்துக்கொள்வது அதிகம். ஆண்கள் திசையையும், 'நான் இப்போது எந்தப் பக்கம் இருக்கிறேன்' என்பதையும் கவனித்துக்கொண்டு போவது அதிகம். வழி பற்றிய பதற்றம் பெண்களிடம் கூடுதல் என்பதும் அதில் தெரிந்தது.

சரி, இதெல்லாம் ஏன்? இங்கேதான் எனக்கு மிகப் பிடித்த ஆய்வு வருகிறது. நம் நாட்டு வடகிழக்கில் நடந்தது, 2011இல் வெளியானது. காசி (Khasi) என்ற பழங்குடி மக்கள் தாய்வழிச் சமூகம். குடும்பச் சொத்து கடைசி மகளுக்குப் போகும். பக்கத்திலேயே வாழும் கார்பி மக்கள் தந்தைவழிச் சமூகம். இரண்டு பேரும் விவசாயிகள், வாழ்க்கை முறையும் ஏறக்குறைய ஒன்றுதான். 1,200க்கும் மேற்பட்டவர்களிடம் நான்கே துண்டுகள் கொண்ட ஒரு படப்புதிரைக் கொடுத்துச் சேர்க்கச் சொன்னார்கள். கார்பி ஊர்களில் ஆண்கள் பெண்களைவிட வேகமாகச் சேர்த்தார்கள். காசி ஊர்களில் அந்த வித்தியாசம் இல்லை. படப்புதிர் என்பது வழி பிடிப்பது ஆகாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பிறப்பிலேயே வருவது என்று அடித்துச் சொல்கிறவர் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

வழி பிடிப்பதற்கே நேரான ஆய்வும் இருக்கிறது. 'சீ ஹீரோ குவெஸ்ட்' என்ற போன் விளையாட்டில் படகை ஓட்டிக்கொண்டு போக வேண்டும். 2016இல் ஆராய்ச்சிக்காகவே வெளியிடப்பட்டது, லட்சக்கணக்கானவர்கள் ஆடினார்கள். 57 நாடுகளின் கணக்கை 2018இல் வெளியிட்டபோது, ஆண் பெண் சமத்துவம் அதிகமுள்ள நாடுகளில் இந்த இடைவெளி சுருங்கியிருந்தது. பொலிவியாவின் காட்டுப்பகுதியில் வாழும் சிமானே மக்களிடம் நடந்த ஆய்வு 2016இல் வந்தது. தூரத்தில் கண்ணுக்குத் தெரியாத இடங்கள் எந்தத் திசையில் இருக்கின்றன என்று கைகாட்டச் சொன்னார்கள். ஆண் பெண் வித்தியாசமே தெரியவில்லை.

இன்னும் ஒன்று. பிரான்சில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிக்கலான ஒரு கோட்டுருவத்தைக் காட்டிவிட்டு நினைவிலிருந்து வரையச் சொன்னார்கள். 'இது வடிவகணிதச் சோதனை' என்று சொன்னபோது பெண்பிள்ளைகள் பின்தங்கினார்கள். அதே தாளை 'ஓவியப் பயிற்சி' என்று கொடுத்தபோது நன்றாகவே செய்தார்கள். அதனால் என் வகுப்பில் ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறேன்: 'எனக்கு வழியே தெரியாது' என்று யாரும் சொல்லக் கூடாது. 'இந்த இடம் இன்னும் எனக்குப் பழகவில்லை' என்று சொல்லலாம்.

பயிற்சி

லண்டன் டாக்ஸி ஓட்டுநர்கள் ஏறக்குறைய 25,000 தெருக்களை மனப்பாடம் செய்து தேர்வு எழுதுகிறார்கள். எலினோர் மகுவயரும் அவருடன் வேலை பார்த்தவர்களும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், படித்துத் தேறியவர்களின் மூளையில் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியின் பின்பக்கம் வளர்ந்திருந்தது. தேறாதவர்களுக்கு அப்படி இல்லை. பெரியவர்களான பின்னும் இது வளரும் என்பதுதான் நமக்கு வேண்டிய செய்தி.

முதல் வேலை: உங்கள் வீட்டு மொட்டைமாடி. விடிந்ததும் மேலே போங்கள். சூரியன் இருக்கும் பக்கம் முகம் வைத்து நின்றால் இடக்கை வடக்கு, வலக்கை தெற்கு. இதுவரைக்கும் எல்லோருக்கும் தெரியும். அப்புறம் ஒவ்வொரு திசைக்கும் தூரத்தில் இருக்கும் ஒரு பெரிய பொருளைப் பெயர் வைத்துக்கொள்ளுங்கள். மதுரைக்கு வடகிழக்கே யானைமலை, தென்மேற்கே திருப்பரங்குன்றம், பழைய ஊருக்கு வடக்கே வைகை, கோவிலுக்கு மேற்கே ரயில் நிலையம். இந்த நான்கும் உங்கள் வீட்டிலிருந்து எந்தக் கைப்பக்கம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல வர வேண்டும். அது வரும்வரை இரண்டாவது வேலைக்குப் போகாதீர்கள்.

தெருவில் நிற்கும்போது சூரியன் தலைக்கு மேலே இருந்தால் என்ன செய்வது? வீட்டு மாடிகளில் இருக்கும் டிஷ் ஆன்டெனாவைப் பாருங்கள். நம் ஊரில் டிடிஎச் டிஷ்கள் எல்லாமே தெற்குக்கும் கிழக்குக்கும் நடுவில்தான் பார்த்திருக்கும். பெரிய சிவன் கோவில்கள் பெரும்பாலும் கிழக்கு பார்த்தவை, சில மேற்கு பார்த்திருக்கும். உச்சி வேளை நிழலை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம்: மதுரையில் ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை அது தெற்கே விழும், மற்ற மாதங்களில் வடக்கே.

இரண்டாவது வேலைக்கு மதுரையைவிட நல்ல ஊர் கிடையாது என்பேன். கோவில் நடுவில். அதைச் சுற்றிச் சித்திரை வீதிகள், அதற்கு வெளியே ஆவணி மூல வீதிகள், அதற்கு வெளியே மாசி வீதிகள், கடைசியில் வெளி வீதிகள். ஒவ்வொன்றுக்கும் கீழ, தெற்கு, மேல, வடக்கு என்று பெயரிலேயே திசை. இங்கே பலருக்கும் ஒரு குழப்பம் வரும். தெற்கு மாசி வீதி என்றால் தெற்கு நோக்கிப் போகும் வீதி என்று நினைத்துவிடுவார்கள். அது கோவிலுக்குத் தெற்கே இருக்கும் வீதி. ஓடுவது கிழக்கு மேற்காக. இது பிடிபட்டால் மீதி எல்லாம் தானாக வரும். தெற்கு மாசி வீதியில் நடக்கிறீர்கள், கோவில் உங்கள் இடப்பக்கம் என்றால் உங்கள் முகம் கிழக்கே இருக்கிறது. கோவில் வலப்பக்கம் என்றால் மேற்கே போய்க்கொண்டிருக்கிறீர்கள், அடுத்து வருவது மேல மாசி வீதி.

இதைக் கேட்டதும் "தலை சுத்துதுக்கா" என்பார்கள். அப்போது நான் கேட்பது ஒன்றுதான்: "சித்திரைத் தேர் எந்த வழியா போகும்?" ஒருவர் விடாமல் சொல்லிவிடுவார்கள். கீழ மாசியில் புறப்பட்டு, தெற்கு மாசி, மேல மாசி, வடக்கு மாசி சுற்றி நிலைக்கு வரும். கோவில் எப்போதும் தேருக்கு வலப்பக்கம். பிறந்ததிலிருந்து பார்த்த தேர் அது. ஊரின் முழு வரைபடம் அவர்கள் மனதில் முன்பே இருக்கிறது. தன்னுடைய வண்டிக்கு அதைப் பயன்படுத்தலாம் என்று யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், கடைகள் திறப்பதற்கு முன் மாசி வீதிகளைத் தேர் வழியிலேயே ஒரு முறை நடந்து சுற்றுங்கள். அடுத்த முறை எதிர்த்திசையில். ஒவ்வொரு முனையிலும் நின்று, "இப்போ நான் கோவிலுக்கு எந்தப் பக்கம், முகம் எந்தப் பக்கம்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பக்கத்தில் யாராவது பார்த்தால் பார்க்கட்டும். வேறு ஊர்க்காரர்கள் உங்கள் ஊர் ஆற்றையோ, கடற்கரையையோ, ரயில் பாதையையோ இப்படி நடு அடையாளமாக வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, அடையாளங்கள். 'பெண்கள் கடையையும் மரத்தையும் வைத்து வழி சொல்வார்கள்' என்று கிண்டல் செய்வதைக் கேட்டிருப்பீர்கள். அடையாளம் வைப்பது நல்ல முறைதான். எதை வைக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. தள்ளுவண்டி, பிளெக்ஸ் போர்டு, நிறுத்திவைத்த லாரி, பந்தல் இவை நாளைக்கு இருக்காது. திரும்பும் முனையிலேயே இருக்கிற, நகராத ஒன்றாகப் பாருங்கள்: தண்ணீர் டேங்க், பெட்ரோல் பங்க், சர்ச் கோபுரம், பள்ளிக்கூடம். திரும்பும் முனைக்கு 50 அடி தள்ளி இருக்கும் பேக்கரியைவிட முனையிலேயே நிற்கும் டிரான்ஸ்பார்மர் மேல்.

அப்புறம் திரும்பிப் பார்ப்பது. என் மாணவிகள் போகும்போது சரியாகப் போய்விடுவார்கள். திரும்பி வரும்போதுதான் தடுமாறுவார்கள். காரணம் எளிது. போகும்போது பார்த்த முகப்பு வேறு, வரும்போது தெரியும் முகப்பு வேறு. பேக்கரியின் போர்டு முன்பக்கம் இருக்கும். திரும்பி வரும்போது தெரிவது அதன் சுண்ணாம்பு அடிக்காத பக்கச் சுவர். அதனால் முக்கியமான ஒவ்வொரு முனையிலும் திரும்பிய பிறகு ஓரமாக வண்டியை நிறுத்தி, காலை ஊன்றி, முழுசாகத் தலையைத் திருப்பி வந்த வழியைப் பாருங்கள். கண்ணாடியில் பார்ப்பது போதாது. "வரும்போது இந்தப் பச்சை கேட்டைப் பார்த்ததும் இடப்பக்கம்" என்று அங்கேயே சொல்லிக்கொள்ளுங்கள். இந்த ஒன்றை மட்டும் ஒழுங்காகச் செய்தவர்களே மிகச் சீக்கிரம் தனியாகப் போகத் தொடங்குகிறார்கள்.

நான்காவது, கைகாட்டுவது. போய்ச் சேர்ந்ததும் உள்ளே போவதற்கு முன்னால் வாசலில் நின்று, 'என் வீடு எந்தப் பக்கம், கோவில் எந்தப் பக்கம், ரயில் நிலையம் எந்தப் பக்கம்' என்று கையை நீட்டிக் காட்டுங்கள். காட்டிய பிறகே போனை எடுத்துச் சரிபாருங்கள். ஆராய்ச்சிக்கூடங்களிலும் இப்படித்தான் சோதிக்கிறார்கள். ஆரம்பத்தில் நேர் எதிர்த்திசையைக்கூடக் காட்டுவீர்கள். பரவாயில்லை, காட்டிக்கொண்டே இருங்கள். இரவு சாப்பாட்டுக்குப் பின் அன்றைக்குப் போன வழியை ஏதாவது பில்லின் பின்பக்கம் வரைந்து பாருங்கள். வடக்கு மேலே இருக்கட்டும்.

டவுன் பஸ்ஸும் நல்ல வகுப்பறை. 2021 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் செலவும் கிடையாது. ஆனால் சும்மா உட்கார்ந்து போனால் ஊர் மனதில் ஏறாது. எந்தப் பக்கம் திரும்புவது என்று முடிவெடுப்பவருக்குத்தான் ஊர் பதியும்; பின்சீட்டில் உட்கார்ந்து போகும் பெண்களுக்கு வழி தெரியாமல் போவதற்குப் பெரிய காரணம் இதுதான் என்று உறுதியாக நினைக்கிறேன். எனவே ஜன்னலோரம் உட்கார்ந்து, பஸ் திரும்புவதற்கு முன்பே எந்தப் பக்கம் திரும்பும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு போங்கள்.

ஐந்தாவது, வேறு வழியில் திரும்புவது. பழகிய பாதையிலேயே பெண்கள் போவது அதிகம், குறுக்கு வழி எடுப்பது ஆண்களிடம் அதிகம் என்று 2018இல் வந்த ஓர் ஆய்வு சொன்னது. அது கணினித் திரையில் நடந்த சோதனை. நிஜத் தெருவில், ஆளில்லாத சந்துக்குள் இருட்டில் போக யோசிக்கும் பெண்ணுக்கு அறிவு குறைவு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அவள் யோசிப்பது நியாயம். அதனால் இந்தப் பயிற்சியைப் பகலில், பெட்ரோல் நிரப்பி, போனில் சார்ஜ் வைத்து, முடிந்தால் இன்னொரு தோழியோடு செய்யுங்கள். நன்றாகத் தெரிந்த இரண்டு பெரிய சாலைகளுக்கு நடுவில் இருக்கும் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தத் தெருவுக்குள் புகுந்தாலும் ஏதாவது ஒரு பெரிய சாலையில்தான் போய் முட்டும் என்ற தைரியம் இருக்கும்.

போனைப் பற்றி. கூகுள் மேப்பைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. கனடாவில் நடந்த சிறிய ஆய்வு ஒன்று 2020இல் வந்தது. ஜிபிஎஸ்ஸை அதிகம் நம்பியவர்களின் வழி நினைவு சில வருடங்களில் கூடுதலாகச் சரிந்திருந்தது. ஆகவே பயன்படுத்தும் முறையை மாற்றுங்கள். கிளம்பும் முன் முழு வழியையும் சிறிதாக்கி ஒரே பார்வையில் பாருங்கள். மொத்தம் எத்தனை திருப்பம், எந்தத் திசையில் போகிறோம் என்று சொல்லிப் பாருங்கள். செட்டிங்ஸில் நேவிகேஷன் பகுதியில் 'கீப் மேப் நார்த் அப்' என்பதை ஆன் செய்துவிடுங்கள். இல்லையென்றால் நீங்கள் திரும்பும்போதெல்லாம் படமும் சுற்றும், ஊரின் வடிவம் மனதில் நிற்காது. பிறகு போனை வண்டி சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

வழி தவறினால்? தவறும். தவறியே ஆக வேண்டும். பதற்றத்தில் வண்டியை ஓட்டிக்கொண்டே யோசிக்காதீர்கள். ஆள் நடமாட்டமுள்ள மெடிக்கல் ஷாப் அல்லது பெட்ரோல் பங்கில் நிறுத்துங்கள். தண்ணீர் குடியுங்கள். கடைசியாக நிச்சயமாகத் தெரிந்த இடம் எது, அங்கிருந்து எந்தத் திசையில் வந்தோம் என்று பின்னோக்கி யோசியுங்கள். கேட்கும்போது "திருநகர் எப்படிப் போகணும்?" என்று மட்டும் கேட்டால் ஐந்தாறு திருப்பத்தை ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள், இரண்டாவதுக்கு மேல் நினைவில் நிற்காது. "திருநகர் எந்தப் பக்கம் இருக்குண்ணே? அடுத்து வர்ற பெரிய ரோடு எது?" என்று கேளுங்கள். அவர் சொன்னதை அவரிடமே ஒரு முறை திருப்பிச் சொல்லுங்கள். அந்தப் பெரிய ரோடு வந்ததும் அங்கே இன்னொருவரிடம் கேளுங்கள். வழி கேட்பது கௌரவக் குறைச்சல் இல்லை.

வீட்டில் இருப்பவர்களுக்கு

உங்கள் வீட்டுப் பெண் வண்டி ஓட்டும்போது நீங்கள் பின்னால் உட்காருங்கள், பேசாமல். தப்பான தெருவுக்குள் திரும்பினால் விடுங்கள். "அதோ லெஃப்ட்ல" என்று நீங்கள் சொன்ன நொடியில் அவருடைய பயிற்சி முடிந்துவிட்டது. ஓட்டுவது அவர், வழி பிடிப்பது மறுபடி நீங்கள். போக வேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் முன்கூட்டியே கிளம்பினால் இந்தப் பொறுமை தானாக வரும்.

பெண்பிள்ளை இருக்கும் வீட்டில் இன்னும் முக்கியம். தம்பி சைக்கிளை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகச் சுற்றுவான்; அக்காவை டியூஷனுக்கு அப்பா கொண்டுபோய் விட்டுக் கூட்டிவருவார். பத்து வருடம் இப்படியே போன பிறகு, அவனுக்கு வழி தெரிகிறது, இவளுக்குத் தெரியவில்லை என்று ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் எழுத்தறிவுக்காக நடந்த அறிவொளி இயக்கத்தில் கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். மகளுக்குச் சைக்கிள் இருந்தால் பூட்டி வைக்காதீர்கள். பகலில், தெரிந்த எல்லைக்குள், கடைக்கும் நூலகத்துக்கும் தோழி வீட்டுக்கும் தனியாக அனுப்புங்கள். எல்லையை வருடத்துக்கு வருடம் கொஞ்சம் அகலமாக்குங்கள். திரும்பி வந்ததும் "ஏன் லேட்டு" என்று தொடங்காமல், எந்த வழியாகப் போய் எந்த வழியாக வந்தாள் என்று கேளுங்கள். சொல்லட்டும். முடிந்தால் வரைந்தும் காட்டட்டும்.